இடது கைக்கு ஒரு கைப்பிடி

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட்ட நேரத்தில், என் கணவர் எங்கள் வான் வண்டியில் ஏறும்போது விழுந்தார். அவரைப் பிடித்துக்கொண்டு நின்ற நானும் சேர்ந்து விழுந்தேன். மானிப்பாயில் எங்கள் வீட்டு முற்றம் மண்தரை, அதனால் எலும்பு தப்பியது. வானின் இரும்புப் படிக்கு ஒரு சாண் தள்ளித்தான் அவருடைய தலை மண்ணில் பட்டது. அந்த ஒரு சாணை அன்றைக்கு முழுக்க என்னால் மறக்க முடியவில்லை.

அதற்கு ஏழு மாதம் முன்னர் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் ஒரே இரவில் போயின. கால் பிறகு கொஞ்சம் திரும்பியது, ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடப்பார். கை திரும்பவில்லை. பேச்சும் பெரும்பாலும் போய்விட்டது. சொல்ல வேண்டியதெல்லாம் அவருக்குள்ளே ஒழுங்காகத்தான் இருக்கிறது, வெளியே வருகிற வழியில் சொற்கள் இடம் மாறிவிடுகின்றன என்று டொக்டர் சொன்னார். தண்ணீர் கேட்க நினைப்பார், "கதவு" என்று வரும். இதையாவது ஊகிக்கலாம். "ஓம்" என்று சொல்ல நினைத்தால் "இல்லை" என்று வரும், "இல்லை" என்று சொல்ல நினைத்தால் "ஓம்" என்று வரும். எப்போதும் அப்படித்தான் என்றால் பழகிக்கொண்டிருப்பேன். சில நேரம் சரியாகவும் வரும். அதுதான் பெரிய சிக்கல்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பிள்ளை முதல் நாளே எனக்குச் சொல்லித் தந்தாள்.

"அம்மா, ஐயாவின்ரை வாயைப் பாக்காதேங்கோ, கையைப் பாருங்கோ. பெருவிரலைத் தூக்கினால் ஓம். உள்ளங்கையை விரிச்சு ஆட்டினால் வேண்டாம். வாய்தான் மாறிச் சொல்லும், கை மாறாது."

நான் தலையாட்டினேன். வீட்டிலும் அப்படியே செய்து வந்தேன், பொறுமை மிச்சமிருந்த நேரங்களில்.

வான் அவருடையது. பதினெட்டு வருடம் அதைத்தான் வாடகைக்கு ஓடினார். கலியாண ஓட்டம், கட்டுநாயக்காவுக்கு விமான நிலைய ஓட்டம், கதிர்காம யாத்திரை. அவர் வாங்கியபோதே அது பழைய வான். அதில் ஒரு நட்டு இளகினாலும் தன் பல் ஆடுகிற மாதிரி நினைப்பார். எனக்கு லைசென்ஸ் இருந்தது. ஆனாலும் அவர் சுகமாக இருந்த காலத்தில் ஒரு நாளும் அந்த ஸ்டியரிங்கை என்னிடம் தந்ததில்லை. "நீர் நூலகத்துப் புத்தகத்தைப் பாரும், நான் இதைப் பாக்கிறன்" என்று சிரித்துக்கொண்டு சொல்லுவார். நான் பிரதேச சபை நூலகத்தில் வேலை பார்க்கிறவள்.

நோய் வந்த பிறகு முதலில் ஓட்டோவில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஓட்டோவுக்குள் அவருடைய வலது கால் மடங்கி நுழைய மறுத்தது. ஒவ்வொரு தடவையும் ஓட்டோக்காரரும் நானும் அந்தக் காலை ஒரு சாமானைத் திணிக்கிற மாதிரித் திணிக்க வேண்டியிருந்தது. அவர் கண்ணை மூடிக்கொள்ளுவார். ஐந்தாம் மாதம் நான் வானின் திறப்பை எடுத்து, நானே ஓடத் தொடங்கினேன். அவர் பின் சீற்றில் இருந்து, நான் கியர் மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்தார். அது எனக்குக் கண்ணாடியில் தெரிந்தது.

வானின் பக்கக் கதவை இழுத்துத் திறந்தால், முன்சீற்றுக்குப் பின்னால் ஒரு இரும்புத் தூண் இருக்கிறது. ஏறுகிறவருடைய இடது கை போய் நிற்கிற இடம் அது. ஆனால் பிடிக்க ஒன்றும் இல்லை. வழுவழுவென்ற தகடு. அவர் அந்தத் தகட்டை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு ஏறுவார், நான் பின்னால் இருந்து தள்ளுவேன். அந்தச் செவ்வாய்க்கிழமை உள்ளங்கை வியர்த்திருந்தது. வழுக்கிவிட்டது.

அன்று மாலையே கராஜுக்குப் போனேன். கராஜ்காரர் நல்லவர், அவசரப்படாதவர். "அக்கா, நல்லூர்த் திருவிழாக் கொடி ஏறிட்டுது. என்ரை பெடியள் ஒருத்தரும் வேலைக்கு ஒழுங்கா வரமாட்டினம். தேர் முடியட்டும், கொண்டுவாங்கோ" என்றார். தேருக்கு இன்னும் இரண்டு கிழமைக்கு மேல் இருந்தது. வெள்ளிக்கிழமை மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போகாமல் விட்டால் கால் இறுகிவிடும் என்று அங்கே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

பழைய பஸ்களை உடைத்து விற்கிற இடமொன்றில் ஒரு கைப்பிடி கிடைத்தது. ஒரு முழ நீளம், கனமான இரும்புக் குழாய், மேலே மஞ்சள் றப்பர். இரண்டு முனையிலும் போல்ட் போடத் துளை. ஹாட்வெயார் கடையில் போல்ட்டும் நட்டும் வாங்கினேன். தூணுக்கு உட்புறம் வைக்க ஒரு தடித்த தகட்டையும் வெட்டித் தரச் சொன்னேன். தகடு இல்லாமல் பூட்டினால் பாரமான ஆள் தொங்கும்போது துளை கிழிந்து வந்துவிடும் என்று போனில் பார்த்த ஒரு வீடியோவில் சொன்னார்கள். அந்த வீடியோவை ஏழெட்டுத் தடவை பார்த்தேன். அவருடைய முகத்துக்கு முன்னால் பார்க்கவில்லை. கைப்பிடியைக் காட்டியபோது அவர் அதை வாங்கி, மடியில் வைத்து, றப்பரைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு வானைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை அரைநாள் லீவு எடுத்தேன். பக்கத்து வீட்டு அண்ணை, கந்தோரில் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்தவர், தன்னுடைய டிறில் மெசினைத் தந்துவிட்டுக் கோயிலுக்கு வெளிக்கிட்டார். "தங்கச்சி, நான் வந்த பிறகு செய்யலாமே" என்றார். "நீங்கள் கோயிலுக்குப் போட்டு வாங்கோ அண்ணை, சின்ன வேலைதானே" என்றேன்.

அன்று காலையிலேயே எங்களுக்குள் சரியில்லை. அவர் புட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை, விளக்க அவரால் முடியவில்லை. நான் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் குசினியில் சத்தம் வரும்படி வைத்தேன். ஏழு மாதத்தில் அப்படிப் பல காலைகள் வந்து போயிருந்தன. இரண்டு பேரும் களைத்துப் போயிருந்தோம்.

மாமரத்தின் கீழ், வானுக்கு நாலு அடி தள்ளி, அவரைப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தினேன். விறாந்தை பிளக்கிலிருந்து வயரை இழுத்து, அவருடைய கதிரைக்குப் பக்கத்தால் கொண்டுவந்து டிறிலில் செருகினேன். தூணின் உட்பக்கம் ஒரு நீளவட்ட ஓட்டை இருந்தது. அதன் மூடியைக் கழற்றினால் கை உள்ளே போகும், தகட்டையும் நட்டையும் அதற்குள்ளால்தான் வைக்க வேண்டும். டோர்ச் அடித்துப் பார்த்தேன். தூசி, சிலந்தி வலை, ஒரு ஓரமாகக் கறுப்பு டேப் சுற்றிய ஏதோ ஒன்று மேலே போனது. வானோடு வந்த ஏதோ ஒன்று, ஓரத்தில்தானே கிடக்கிறது என்று நினைத்தேன்.

பென்சிலால் இரண்டு இடத்தில் புள்ளி வைத்தேன்.

"இஞ்சருங்கோ, இஞ்சையும் இஞ்சையும். உயரம் சரியோ?"

"ஓம்" என்றார்.

அவருடைய இடது கை ஊன்றுகோலின் மேல் இருந்தது. அது என்ன செய்தது என்று நான் பார்க்கவில்லை.

கீழ்த் துளையைத் தொடங்கினேன். டிறில் முனை முதலில் வழுக்கி ஓடியது, பெயின்றில் ஒரு கீறல் விழுந்தது. பின்னால் "ஓம்! ஓம்!" என்று கேட்டது. அழுத்திப் பிடித்தேன். மெல்லிய இரும்புச் சுருள்கள் கையில் சூடாக விழுந்தன. திடீரென்று முனை உள்ளே இறங்கியது. ஒரு துளை முடிந்தது. எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் வந்ததை மறைக்கத் தேவையில்லை.

திரும்பினேன். அவருடைய முகம் சிவந்து போயிருந்தது.

"ஓம்... ஓம்... ஓம்..."

"ஓம் எண்டால் ஓம்தானே. செய்யிறன்."

"பா... பா..." உதடு துடித்தது. கழுத்து நரம்பு புடைத்தது. "பா... பாண்."

"பாணோ? பசிக்குதோ? அப்ப ஏன் விடியப் புட்டைத் தள்ளினீங்கள்? பொறுங்கோ, இதை முடிச்சிட்டுத் தாறன்."

"பாண்!" என்று கத்தினார். ஊன்றுகோலால் நிலத்தில் அடித்தார். "பாண்! ஓம்! பாண்!"

எனக்கு அப்போது தோன்றியது ஒன்றுதான். கீறல் விழுந்துவிட்டது, அதுதான் இந்தக் கூத்து. தன்னுடைய வானில் நான் துளை போடுகிறேன், அதுதான் தாங்கவில்லை. டிறிலைக் கையில் பிடித்தபடியே பேசத் தொடங்கினேன்.

"இது உங்கடை வான் எண்டு எனக்குத் தெரியும். பதினெட்டு வருசம் என்னைத் தொட விடேல்லை. இப்ப ஆர் ஓடுறது? ஆர் உங்களைத் தூக்குறது? செவ்வாய்க்கிழமை அந்தப் படியிலை தலை அடிச்சிருந்தால் நான் என்ன செய்திருப்பன்? வான் பெரிசோ, நீங்கள் பெரிசோ?"

அவருடைய கண்ணில் தண்ணீர் நின்றது. நான் அதைக் கோபத்தின் தண்ணீர் என்று எடுத்துக்கொண்டு, முதுகைக் காட்டித் திரும்பினேன். மேல் புள்ளியில் டிறிலை வைத்து அழுத்தினேன்.

மெசின் சத்தத்தில் வேறொன்றும் கேட்கவில்லை. முனை தகட்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே விழுந்ததும் மெசின் செத்துவிட்டது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தேன். கதிரை வெறுமையாக இருந்தது. அவர் நிலத்தில் கிடந்தார். முழங்காலும் முழங்கையும் மண்ணில் உரசி இழுபட்ட தடம் தெரிந்தது. கதிரையிலிருந்து சரிந்து இறங்கி, தவழ்ந்து, விறாந்தைப் பக்கம் போய் வயரைப் பிடித்து இழுத்திருக்கிறார். கழன்று வந்த பிளக் அவருடைய இடது கைக்குள் இருந்தது.

"ஐயோ, என்ன செய்யிறியள்!"

ஓடிப்போய்த் தூக்கத்தான் நினைத்தேன். கையில் டிறில், அதன் முனை துளைக்குள் மாட்டியிருந்தது. பக்கவாட்டில் ஆட்டி இழுத்தேன். தூணுக்குள் சடசடவென்று சத்தம். துளைக்குள்ளால் நீல வெளிச்சம் ஒன்று வெட்டியது. டிறிலை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் பாய்ந்தேன். நீளவட்ட ஓட்டைக்குள்ளால் புகை வந்தது, மெல்லியதாக, பிறகு கறுப்பாக. பிளாஸ்டிக் எரிகிற நாற்றம்.

அப்போதுதான் "பாண்" என்று மாறி வந்த சொல் என்ன என்று விளங்கியது. பற்றரி.

கலியாண ஓட்டங்களுக்காக, பல வருடங்களுக்கு முன்னர், கூரையில் கலர் லைற்றும் பின்னால் பெரிய ஸ்பீக்கரும் பூட்டியிருந்தார். லைற்றையும் ஸ்பீக்கரையும் பிறகு கழற்றிவிட்டார். வயரைக் கழற்றவில்லை. இடது முன்சீற்றுக்குக் கீழே இருக்கிற பற்றரியிலிருந்து நேரே எடுத்து, நடுவில் ஒரு பியூஸ்கூட வைக்காமல், அந்தத் தூணுக்குள்ளால் கூரைக்கு ஏற்றியிருந்தார். அதுவரை இது உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவர் மண்ணில் கிடந்தார்.

முன்கதவைத் திறந்து சீற்றைத் தூக்கினேன். கால்மிதிக்குக் கீழாலும் புகை வந்தது. பற்றரி தெரிந்தது. சிவப்பு வயர் ஒன்று அதிலிருந்து புறப்பட்டு, தோல் உருகித் தொங்கியது. கையால் இழுக்கப் பார்த்தேன், சுட்டது. கழற்ற ஸ்பனர் வேண்டும். டிறைவர் சீற்றுக்குப் பின்னால் இருந்த, ஸ்பனர் போட்டு வைக்கிற ஆயுதப் பெட்டியை எடுத்து முற்றத்தில் கவிழ்த்தேன். பதினைந்து இருபது ஸ்பனர்கள் மண்ணில் கொட்டின. எல்லாம் ஒரே மாதிரி இருந்தன.

"எது? எந்த நம்பர்? கெதியாச் சொல்லுங்கோ!"

"கதவு" என்றார். தலையை வெட்டி மறுத்தார். "கதவு... கத..."

நான் ஒன்றை எடுத்துக் காட்டினேன். உள்ளங்கையை ஆட்டினார். இன்னொன்று. அதற்கும் ஆட்டினார். வானுக்குள் ஏதோ பட்டென்று வெடித்தது.

அவர் கண்ணை மூடினார். மூச்சை இழுத்தார். பிறகு, தெளிவாக, பயிற்சியில் சொல்வது போல, "ஒண்டு" என்றார். "ரெண்டு. மூண்டு. நாலு."

 மனிதனுக்கு மூளை கலங்கிவிட்டது, வான் எரிகிறது, இவர் எண்ணுகிறார் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில் காலைத் தூக்கித் தூக்கி எண்ண வைப்பார்கள், மற்றச் சொற்கள் எல்லாம் குழம்பினாலும் எண்ணுவது மட்டும் பிழைக்காமல் வரும்.

"அஞ்சு. ஆறு. ஏழு."

"இஞ்சருங்கோ, உதை விடுங்கோ, எனக்கு நம்பரைச் சொல்லுங்கோ!"

"எட்டு. ஒம்பது. பத்து."

நிறுத்தினார். கண்ணைத் திறந்தார். நிலத்தில் கையால் ஓங்கி அடித்தார். "பத்து!"

அந்த எண்ணை அவரால் நேரே எடுக்க முடியவில்லை. ஒன்றிலிருந்து நடந்து போய்த்தான் அதை எடுத்துவர முடிந்தது. மண்ணில் கிடந்த ஸ்பனர்களைப் பிரட்டினேன். பத்து கிடைத்தது. ஓடினேன். பற்றரியில் இரண்டு முனை. சிவப்பு வயர் இருந்த முனையில் ஸ்பனரைக் கொண்டுபோனேன்.

"ஓம்! ஓம்!" என்று கத்தினார்.

கை அப்படியே நின்றது. திறந்த கதவுக்குள்ளால் குனிந்து அவரைப் பார்த்தேன். வாய் "ஓம், ஓம்" என்று சொல்லிக்கொண்டிருந்தது. இடது கை உயர்ந்து, உள்ளங்கை விரிந்து, வெறி பிடித்ததுபோல ஆடியது. ஸ்பனரை மற்ற முனைக்குக் கொண்டுபோனேன், கறுப்பு. கை ஆடுவதை நிறுத்தியது. பெருவிரல் மேலே வந்தது.

நட்டு இறுகிக் கிடந்தது. முதலில் பிழையான பக்கம் திருப்பினேன். பிறகு மற்றப் பக்கம். இரண்டு சுற்று. கறுப்பு வயரைக் கழற்றித் தள்ளினேன். சடசடப்பு நின்றது. குடத்துத் தண்ணீரை எடுத்து ஊற்றப் போனேன், "இல்லை" என்றும் உள்ளங்கையாலும் ஒரே நேரத்தில் தடுத்தார். அந்த ஒரு தடவை இரண்டும் பொருந்தின. மண்ணை அள்ளிக் கால்மிதிக்குக் கீழே போட்டேன். கொஞ்ச நேரம் புகைந்துவிட்டு அடங்கியது.

பிறகு அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன்.  அவருடைய இரண்டு முழங்காலும் தோலுரிந்து மண் ஒட்டியிருந்தது. எனக்கு முதலில் வந்தது கோபம்தான், அதையும் சொல்ல வேண்டும்.

"என்னத்துக்கு ஓம் எண்டனீங்கள்? புள்ளி வைக்கேக்கை கேட்டன்தானே. ஏன் ஓம் எண்டனீங்கள்?"

அவர் என்னைப் பார்த்தார். கேட்டு முடிக்கிறபோதே பதில் எனக்குத் தெரிந்தது. அவருடைய "ஓம்" எப்படிப்பட்டது என்று உலகத்தில் வேறு யாரையும்விட எனக்குத்தான் தெரியும். வேறு நேரம் என்றால் கையைப் பார்த்திருப்பேன். அன்று எனக்கு வேலை முடிய வேண்டியிருந்தது. எனக்கு வசதியான சொல் அவருடைய வாயிலிருந்து வந்தது, எடுத்துக்கொண்டேன். அவரிடம் இதைச் சொல்லவில்லை. சேலைத் தலைப்பைத் தண்ணீரில் நனைத்து முழங்கால் மண்ணைத் துடைத்தேன்.

பக்கத்து வீட்டு அண்ணை கோயிலால் திரும்பியபோது நாற்றம் எங்கள் ஒழுங்கை முனைவரை போயிருந்தது. நெற்றித் திருநீறோடு ஓடிவந்தார். இரண்டு பேருமாக அவரைத் தூக்கிக் கதிரையில் இருத்தினோம். அண்ணை தூணையும் கருகிய கால்மிதியையும் பார்த்தார்.

"தங்கச்சி, இவ்வளவும் காணும். உதை மூடி வையுங்கோ. நாளைக்கு நான் ஓட்டோ பிடிச்சு விடுறன்."

நானும் அதைத்தான் நினைத்தேன். ஸ்பனர்களைப் பொறுக்கத் தொடங்கினேன். கதிரையில் இருந்தபடியே அவர் என் கையைப் பிடித்தார். பிடித்த பிடியை விடாமல், முகவாயால் வானைக் காட்டினார். பிறகு மண்ணில் கிடந்த மஞ்சள் கைப்பிடியைக் காட்டினார்.

"வேண்டாம்" என்றேன். "எனக்குப் பயமாக் கிடக்கு."

விடவில்லை.

கதிரையைத் தூணுக்குக் கிட்ட, கை எட்டுகிற தூரத்துக்கு இழுத்துப் போட்டோம். முதல் வேலையாக அந்த வயரை வெளியே இழுக்க வைத்தார். எங்கே வெட்ட வேண்டும், எந்தப் பக்கத்தால் இழுக்க வேண்டும் என்று விரலாலேயே காட்டினார். கருகிய துண்டு, கருகாத துண்டு, கூரைக்குள்ளால் பின்கதவுவரை ஓடிய நீளம் எல்லாம் வந்தது. அண்ணை சுருட்டச் சுருட்ட அது வந்துகொண்டே இருந்தது. தூணுக்குள் இனி ஒன்றும் இல்லையா என்று என் கணவர் தன் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். இரண்டு தடவை.

அதன் பிறகு நான் டிறிலை வைக்கிற ஒவ்வொரு தடவையும் திரும்பி அவருடைய கையைப் பார்த்தேன். பெருவிரல் எழும்பினால்தான் அழுத்தினேன். மேல் துளை வயர்ப் பக்கம் போய் வாய் கிழிந்திருந்தது. அதை விட்டு இரண்டு விரல் கீழே புதுப் புள்ளி வைக்கச் செய்தார். கைப்பிடியைக் கொஞ்சம் சரித்துப் பூட்ட வேண்டியிருந்தது. பார்க்க அழகில்லை. உட்புறத் தகட்டைப் பிடிக்க என் கை தூணுக்குள் போய், திரும்பி வரும்போது புறங்கை கிழிந்தது. நட்டை இறுக்கினேன். அவர் போதாது என்று காட்டினார். அண்ணை இறுக்கினார். அதுவும் போதாது. கடைசியில் அவரே ஸ்பனரை இடது கையால் பிடித்து, நான் அவருடைய கையின் மேல் என் கையை வைத்து, இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம்.

வெயில் மாமரத்துக்குக் கீழே இறங்கிய நேரம் நான் கைப்பிடியைப் பிடித்து முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கினேன். அசையவில்லை. அண்ணை தொங்கினார். வான்தான் கொஞ்சம் சரிந்தது. அவரை ஏறிப் பார்க்கும்படி நாங்கள் கேட்கவில்லை. முழங்கால் வீங்கியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை கறுப்பு வயரை மறுபடி பூட்டினேன். பூட்டும்போது கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. இஞ்சின் எடுத்தது. அவரைக் கதவடிக்குக் கொண்டுவந்தேன். அவர் கைப்பிடியைப் பிடித்தார். நான் பின்னால் தள்ளுவதற்குக் கை வைத்தேன். தோளால் என் கையைத் தட்டிவிட்டார். சுகமான காலைப் படியில் வைத்தார். இழுத்தார். ஒரு கணம் முழு மனிதனும் அந்த ஒரு கையில் தொங்கினார். கழுத்து நடுங்கியது, றப்பர் முறுகியது, வலது கால் வெளியில் தொங்கியபடி நின்றது. நான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, தொடாமல், பின்னால் நின்றேன். பிறகு அவர் உள்ளே போய்ச் சீற்றில் விழுந்தார். விழுந்த சத்தம் கேட்டபிறகுதான் விரித்த கையை இறக்கினேன்.

வழியெல்லாம் எனக்கு நாற்றம் மணத்துக்கொண்டே இருந்தது. இரண்டு இடத்தில் நிறுத்திச் சீற்றுக்குக் கீழே பார்த்தேன். ஒன்றும் இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில், ஆட்களை இறக்குகிற இடத்தில் நிறுத்தி, பக்கக் கதவை இழுத்துத் திறந்தேன். அவர் வெளியே பார்த்தபடி சீற்றின் நுனிக்கு வந்தார். இடது கையை நீட்டினார். அங்கே ஒன்றும் இல்லை. அப்போதுதான் இரண்டு பேருக்கும் விளங்கியது. ஏறும்போது இடது பக்கம் வருகிற தூண், இறங்கும்போது வலது பக்கம் வருகிறது. கைப்பிடி அவருடைய செத்த கைப்பக்கம் இருந்தது. ஏறுவதைப் பற்றி மட்டுமே யோசித்திருந்தோம்.

பின்னால் ஓட்டோ ஒன்று ஹோர்ன் அடித்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. காவலாளி கையைக் காட்டி "அம்மா, வாகனத்தை எடுங்கோ, எடுங்கோ" என்றார். நான் என் கணவருடைய இடுப்பைப் பிடிக்கப் போனேன்.

"என்ரை தோளைப் பிடியுங்கோ. விழமாட்டியள், நான் பிடிப்பன்."

அவர் என் தோளைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமையும் நான் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். உள்ளங்கையை ஆட்டினார். பிறகு, ஹோர்ன் சத்தத்துக்கு அவசரப்படாமல், சீற்றின் முதுகைப் பிடித்து எழும்பி, வானுக்குள்ளேயே குனிந்தபடி மெல்ல மெல்லத் திரும்பினார். முதுகு வெளியே வந்தது. இப்போது அவருடைய இடது கை கைப்பிடியில் இருந்தது. ஏணியில் இறங்குகிறவர் போல வலது காலை முதலில் கீழே விட்டார், அது தேடியது, படியை விட்டு விலகியது. நான் குனிந்து அந்தக் காலைப் பிடித்துப் படியில் வைத்தேன். பிறகு நிலத்தில் வைத்தேன். அடுத்தது இடது கால். கடைசியாகக் கையை விட்டார்.

ஓட்டோக்காரர் ஹோர்ன் அடிப்பதை நிறுத்தி, தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஊன்றுகோலை எடுத்துக் கொடுத்தேன். அவருடைய சேர்ட் முதுகு முழுக்க நனைந்திருந்தது.

"பின்பக்கத் தூணிலையும் ஒண்டு போடவேணும்" என்றேன். "வாற கிழமை போடுவம்."

அவர் நின்று என்னை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தார். நான் ஊன்றுகோலின் மேல் இருந்த கையைப் பார்த்தேன், பெருவிரல் எழும்பியது. பிறகு ஊன்றுகோலை ஊன்றி, நடக்கத் தொடங்கினார்.